துவண்ட காலும் இரண்டு டப்பாவும்

"போலியோதான் ஒழிந்துவிட்டதே, இப்போது எதற்கு மலம் கேட்கிறீர்கள்?" குழந்தைகள் வார்டில் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. ஹவுராவில் 2011 ஜனவரி 13 அன்று கால் செயலிழந்த சிறுமிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய குழந்தை யாரும் இல்லை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் இந்த வைரஸ் தொற்றிய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கால் செயலிழக்கும். அந்த ஒருவரைத் தவறவிட்டால், அது பரவிக்கொண்டிருப்பது கண்ணில் படாது. அதனால்தான் 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டாலும், காரணம் எதுவானாலும், ஏஎஃப்பி (திடீர்த் தளர்வாதம்) என்று பதிவு செய்து, மலத்தில் போலியோ வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

டாக்டர்களிடம் முதலில் முட்டுவது இங்கேதான். "இது ஜிபிஎஸ் (கில்லன் பாரே என்ற நரம்பு நோய்), போலியோ இல்லை" என்பார்கள். அல்லது "இடுப்பில் ஊசி போட்டு நரம்பு அடிபட்டது" என்பார்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் தகவல் வந்தாக வேண்டும். நோயைக் கண்டுபிடித்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் நாட்கள் போய்விடும். போலியோ அல்லாத ஏஎஃப்பி ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்குக் குறைந்தது இரண்டு வர வேண்டும் என்பது இங்குள்ள அளவுகோல். 15 வயதுக்குட்பட்டோர் ஐந்து லட்சம் உள்ள மாவட்டத்தில் பத்து கேஸ்கூட வரவில்லை என்றால், நோய் குறைவு என்று சந்தோஷப்பட முடியாது. யாரோ தேடவில்லை.

தேடல் பெரிய மருத்துவமனையோடு முடிவதில்லை. கால் இழுத்தால் பல வீடுகளில் முதலில் சுளுக்கு எடுப்பவரிடம்தான் போவார்கள். சிலர் மந்திரிக்கவும் போவார்கள். அவர்களையும் தகவல் தருவோர் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாராவாரம் வரும் "கேஸ் இல்லை" அறிக்கையை மட்டும் நம்பக்கூடாது. வார்டு ரிஜிஸ்டரை நாமே புரட்ட வேண்டும். "நடக்க முடியவில்லை", "கால் பலவீனம்" என்று எழுதிவிட்டு நோயின் பெயர் போடாத வரிகளில்தான் கேஸ் ஒளிந்திருக்கும்.

தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் குழந்தையைப் பார்த்துவிட வேண்டும். அதிகம் தப்பாவது கால் துவண்ட தேதிதான். அம்மாவிடம் எப்போதிலிருந்து என்று கேட்டால் காய்ச்சல் வந்த நாளைச் சொல்வார். "கடைசியாக எப்போது ஓடி விளையாடினான்? சந்தைக்கு முந்தின நாளா, மறுநாளா?" என்று கேட்டால் சரியான தேதி கிடைக்கும். இந்தத் தேதி பிசகினால் பின்னால் உள்ள கணக்கு எல்லாம் பிசகும்.

தேவை இரண்டு மல மாதிரி. கால் துவண்ட 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், ஒவ்வொன்றும் 8 கிராம், அதாவது பெரியவரின் கட்டைவிரல் அளவு. வைரஸ் முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம் வெளியேறும். அதுவும் விட்டுவிட்டு வரும். ஒரு மாதிரியில் தப்பினாலும் அடுத்ததில் சிக்கட்டும் என்றுதான் இரண்டு. ஆசனவாயைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் ஆய்வுக்குப் போதாது. ஜிபிஎஸ் குழந்தைக்கு மலச்சிக்கல் இருக்கும். அவசரப்பட்டு எனிமா கொடுத்தால் மாதிரி நீர்த்துவிடும். காலி டப்பாவைத் தாயிடம் கொடுத்து, எப்படி எடுப்பது என்று காட்டிவிட்டு, மறுநாள் காலையில் திரும்பப் போவதே நல்லது.

மூடியை இறுக்கி, டேப் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி, பஞ்சு வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் பேக் வைத்த கேரியர் பெட்டியில் வைக்க வேண்டும். தடுப்பூசிக்குப் பழகிய கை ஐஸ் பேக்கை வியர்க்கும் வரை வெளியே வைக்கும். இங்கே அது கூடாது. கல்லாக உறைந்தபடியே ஐஸ் பேக் நான்கையும் வைக்கலாம். மல மாதிரி போன கேரியர் திரும்பத் தடுப்பூசிக்குப் போகக்கூடாது. வெளியில் பெரிதாக எழுதி ஒட்டாவிட்டால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.

72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும்; தமிழ்நாட்டு மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரிதான் தலைவலி. ஞாயிறன்று வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்களா என்று கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும். இல்லையேல் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, ஐஸ் உருகாமல் அனுப்ப வேண்டும். சூட்டில் கெட்டுப்போன மாதிரியும் "போலியோ இல்லை" என்றுதான் முடிவு தரும். அந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு வழி உண்டு: மாதிரிகளில் பத்தில் ஒன்றிலாவது போலியோ அல்லாத வேறு எண்டிரோவைரஸ் (குடலில் வளரும் வைரஸ்) தென்பட வேண்டும். அதுவும் காணோம் என்றால் வழியில் எங்கோ ஐஸ் உருகியிருக்கிறது.

மாதிரி நேரத்தில் கிடைக்காத குழந்தையை 60 நாள் கழித்து மீண்டும் பார்த்து, பலவீனம் மிச்சமிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பலவீனம் இருந்தாலும், குழந்தை இறந்திருந்தாலும், காணாமல் போனாலும் கேஸ் நிபுணர் குழுவுக்குப் போகும். செங்கல் சூளைக் குடும்பங்கள் அதற்குள் இடம் மாறிவிடும். முதல் நாளே இரண்டு போன் நம்பரும், சொந்த ஊர்ப் பெயரும், அங்கே உள்ள தாய்மாமன் பெயரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.