டயாலிசிஸ்ல இருக்கற அப்பாவுக்கு மூளை டெஸ்ட் எடுத்த அனுபவம்

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், அதுல கிட்னி போய் இப்ப டயாலிசிஸ். மறதின்னு சொன்னா வீட்லயே யாரும் நம்பல, ஏன்னா பழைய ஃபோன் நம்பர் எல்லாம் இன்னும் கரெக்டா சொல்வார். அவர் தடுமாறினது வேற இடத்துல. இன்சுலின் பேனாவை எடுத்து யூனிட் திருப்பிட்டு ஊசி மாட்டாமலேயே அமுக்குவார், தப்புன்னு தெரியும், ஆனா அடுத்து என்ன செய்யணும்னு வராது. அப்படியே பேனாவைப் பாத்துட்டு நிப்பார்.

வயசானா அப்படித்தான்னு முதல்ல பாத்த டாக்டர் சொல்லிட்டார். எனக்கு மனசு ஒத்துக்கல. கிட்னி டாக்டர் நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட நடந்ததை எல்லாம் தேதி போட்டு எழுதிக் குடுத்தேன், அதைப் படிச்சதும் உடனே மூளை நரம்பு டாக்டரான நியூராலஜிஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தாங்க. அவங்க சொன்ன முதல் விஷயமே டெஸ்டை டயாலிசிஸ் அன்னிக்கு வைக்காதீங்கன்னுதான். மெஷின்ல இருக்கும்போது மூளைக்குப் போற ரத்த ஓட்டம் குறையும், முடிஞ்சப்புறமும் அசதியா இருக்கும், அன்னிக்கு டெஸ்ட் பண்ணா உண்மையான நிலைமை தெரியாதாம்.

மோகா டெஸ்ட் எடுத்தாங்க, ஞாபகம், கவனம், யோசிக்கற திறன் எல்லாம் பாக்கற ஒரு சின்ன டெஸ்ட். மொத்தம் 30, பொதுவா 26க்குக் கீழ போனா கவனிக்கணும். அப்பாவுக்கு 19. வார்த்தைகளைத் திரும்பச் சொல்றதுல அவ்வளவு மோசமில்ல. கடிகாரம் வரையச் சொன்னப்பதான், வட்டம் நல்லா போட்டார், 12 எண்ணையும் வலது பக்கமே நெருக்கி எழுதிட்டு, முள்ளை எங்க போடறதுன்னு தெரியாம பென்சிலை கீழ வச்சிட்டார். அதைப் பாத்துட்டு எனக்கு அழுகையை அடக்க முடியல.

சுகரும் கிட்னியும் சேர்ந்து மூளையோட சின்னச் சின்ன ரத்தக் குழாயைக் கெடுத்தா, ஞாபகத்துக்கு முன்னாடி திட்டம் போடறது, வரிசையா செய்யறது, வேகமா யோசிக்கறது இதுதான் அடி வாங்கும்னு டாக்டர் விளக்கினார். எம்ஆர்ஐலயும் மூளையோட வெள்ளைப் பகுதியில (நரம்பு இழைகள் ஓடற இடம்) திட்டுத் திட்டா மாற்றம், எங்களுக்குத் தெரியாமலே வந்துபோன ஒரு சின்ன ஸ்ட்ரோக்கோட தழும்பு. ஸ்கேன்ல படம் தெளிவா தெரிய ஊசியில ஏத்தற கான்ட்ராஸ்ட் மருந்து போடல, கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு அதுல சில வகை காடோலினியம் மருந்து தோலை இறுக்கிடற ஆபத்து இருக்கு, அதனால ஸ்கேன் சென்டர்ல டயாலிசிஸ்னு முதல்லயே சொல்லிடுங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சரி பண்ணக்கூடியது எதுவும் ஒளிஞ்சிருக்கான்னு தேடினாங்க. பி12, தைராய்டு, டிப்ரஷன் எல்லாம் பாத்தாங்க. கால் எரிச்சலுக்குக் குடுத்த ப்ரீகாபலின் கிட்னி வழியாதான் வெளிய போகணும், அது உடம்புல தங்கிக் குழப்பம் தரும்னு டோஸைக் குறைச்சாங்க. இன்சுலினும் கிட்னி போனவங்களுக்கு உடம்புல அதிக நேரம் நிக்கும், ராத்திரி சுகர் பாக்கற சென்சார் போட்டுப் பாத்தா தூக்கத்துலயே சுகர் லோ ஆகிட்டு இருந்திருக்கு. ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) நல்லா இருக்குன்னு அவ்வளவு நாளா நிம்மதியா இருந்தோம், ஆனா டயாலிசிஸ்ல ரத்த சோகை, அதுக்குப் போடற ஊசி இதனால அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

டயாலிசிஸ் முறையையும் மாத்தினாங்க. நடுவுல பிபி சட்டுனு இறங்கறது மூளைக்கு நல்லதில்ல, அதனால உடம்புல சேர்ந்த தண்ணியை மெதுவா எடுக்கறாங்க, டயாலிசிஸ் திரவத்தோட சூட்டையும் கொஞ்சம் குறைச்சிருக்காங்க. உடம்பு சூட்டை விட 0.5 டிகிரி குறைவா வச்சா மூளையோட வெள்ளைப் பகுதி குறைவா பாதிக்குதுன்னு 2015ல நோயாளிங்களை வச்சு நடந்த ஒரு சின்ன ட்ரயல் வந்திருக்கு.

இப்ப அந்த நிக்கற குழப்பம் குறைஞ்சிருக்கு, ஆனா பழைய மாதிரி ஆகல, ஆகும்னு டாக்டரும் சொல்லல. இன்சுலினை நாங்கதான் போடறோம். முக்கியமான பேச்சு எல்லாம் டயாலிசிஸ் இல்லாத நாள் காலைலதான். அவருக்கு யோசிக்க முடியாத நிலை வந்தா யார் முடிவெடுக்கணும், எது வரைக்கும் ட்ரீட்மென்ட் வேணும்னு அப்படி ஒரு காலைல அவரே தெளிவா சொன்னார், டாக்டர் ஃபைல்ல எழுதி வச்சிருக்காங்க.