மாவட்டப் பக்கத்துக்குக் கொடுக்கும் காசு

அரசு அலுவலகத்தின் செலவுக் கணக்கில் பத்திரிகைக்கான தொகை மிகச் சிறியது. அதனாலேயே அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் எந்தத் துறையை எடுத்தாலும், மக்களின் குறை பெரும்பாலும் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில்தான் முதலில் தலைகாட்டும். வரத்துக்கால் அடைபட்ட கண்மாய், பாசி பிடித்த ஊருணி, பூட்டியே கிடக்கும் துணைச் சுகாதார நிலையம் எல்லாம் ஒற்றைப் பத்திச் செய்திகள். செலவழிக்கிற பணம் அந்தப் பக்கத்தை மேசைக்குக் கொண்டுவருகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. பெரிய நாளிதழ்களில் சிவகங்கைச் செய்தி மதுரைப் பதிப்பிலும், புதுக்கோட்டைச் செய்தி திருச்சிப் பதிப்பிலும் வருகிறது. கானாடுகாத்தான் சிவகங்கையில், அதிக தூரமில்லாத கடியாபட்டி புதுக்கோட்டையில். ஆறு நாளிதழ்களை மதுரைப் பதிப்பாகவே வாங்கினால், எல்லையைத் தாண்டி ஓடும் வாய்க்காலைப் பற்றித் திருச்சிப் பதிப்பு எழுதியது கண்ணில் படாது. ஆறில் ஒன்றை நிறுத்திவிட்டு, ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பை இ-பேப்பராக எடுப்பது நல்லது. சந்தாவைத் தனி ஆள் பெயரில் எடுக்கக் கூடாது. அவர் மாறுதலில் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும்.

பேப்பர் ஏஜென்ட் தரும் பட்டியலில் (பில்) வழக்கமாக நடக்கும் தவறு, மாத நாட்களை விலையால் பெருக்கிவிடுவது. சில பண்டிகை விடுமுறைகளுக்கு மறுநாள் பேப்பர் வராது. சில நாளிதழ்களுக்கு ஞாயிறு விலை வேறு. பேப்பர் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் டிக் போட்டிருந்தால்தான் பட்டியலைச் சரிபார்த்துக் கருவூலத்துக்கு அனுப்ப முடியும். மார்ச் கடைசியில் மிச்சமிருக்கும் ஒதுக்கீட்டைத் தீர்க்க ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிடுவது இன்னொரு தொல்லை. பேப்பர் நடுவில் நின்றுபோனால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

பழைய பேப்பர் அரசுச் சொத்து. 16 பக்க நாளிதழ் ஒன்று ஏறத்தாழ 70 கிராம் இருக்கும். ஐந்து நாளிதழ் என்றால் மாதம் 10 கிலோ. விற்பனைப் பதிவில் 4 கிலோ என்றிருந்தால் தணிக்கையில் கட்டாயம் கேட்பார்கள். விற்ற பணத்தைச் செலுத்துச் சீட்டு போட்டு அரசுக் கணக்கில் கட்டிவிட வேண்டும்.

துறை பற்றிய செய்தியைக் கோப்புக்காகக் கத்தரிப்பதில் கவனம் அதிகம் தேவை. கத்தரிக்கோலை எடுக்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் துறைச் செய்தி அங்கேயும் இருந்தால் முதலில் நகல் எடுக்க வேண்டும். ஏ4 தாளில் ஒட்டியதும் மேலே நாளிதழின் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் நான்கையும் எழுத வேண்டும். ‘7ஆம் பக்கம் பார்க்க’ என்று முடிந்தால் அந்த வாலையும் சேர்த்து ஒட்ட வேண்டும். செய்தித்தாள் சில மாதங்களிலேயே பழுப்பேறிவிடும்; கோப்புக்கு நகல்தான் தாங்கும். தேதி இல்லாத நறுக்கு எதற்கும் உதவாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நாளிதழ்ச் செய்தியைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்ததுண்டு. பதில் மனு தயாரிக்கும் வேளையில், செய்தி வந்தது என்றைக்கு, நடவடிக்கை எடுத்தது என்றைக்கு என்பதே வழக்கின் உயிர். ஒரே புகாரை மூன்று நாளிதழ் எழுதினால் மூன்று கோப்பு திறக்கிற பழக்கமும் போக வேண்டும்; ஒரு கோப்பில் மூன்று நறுக்குகள் போதும்.

இனி, கேட்ட சொல் வரும் செய்திகளை நாளிதழ்களில் தேடிக் கட்டணத்துக்கு அனுப்பும் கண்காணிப்பு நிறுவனங்கள். அச்சு நாளிதழுக்கு ஜிஎஸ்டி இல்லை. இவர்களின் சேவைக்கு 18 சதவீதம். விலைப்புள்ளி கேட்கும்போதே வரியோடு கேட்டால் ஒப்பிடுவது எளிது. இவர்களின் தேடல் ஆங்கில நாளிதழில் நன்றாக வேலை செய்கிறது, நம் மாவட்டப் பக்கத்தில் தடுமாறுகிறது. பக்கம் படமாக இருந்தாலோ, ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருவில் இருந்தாலோ, சொல் அகப்படாது. அகப்பட்டாலும், சிவகங்கை மாவட்டத்து ஊரை நினைத்து ‘திருப்பத்தூர்’ என்று கொடுத்தால் அதே பெயரில் 2019இல் உருவான வடக்கு மாவட்டத்தின் செய்திகள் குவியும். ‘செட்டிநாடு’ என்று கொடுத்தால் சிக்கன் கடையும் சிமென்ட் ஆலையும் வரும். ஒரு நாளிதழ் காளையார்கோவில் என்று எழுதும், இன்னொன்று காளையார்கோயில் என்று எழுதும். தேவகோட்டை சில இடங்களில் தேவக்கோட்டை ஆகிவிடும். ஊர்ப் பெயர்களின் எல்லா எழுத்து வடிவங்களையும், ஒதுக்க வேண்டிய சொற்களையும் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்காவிட்டால் பணம் வீண்.

இ-பேப்பர் பக்கத்தை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் பரப்புவதை விட்டுவிட வேண்டும். இப்படி இ-பேப்பர் பரப்பிய டெலிகிராம் சேனல்களை நீக்கச் சொல்லி 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழுவில் இரண்டு வரிச் சுருக்கமும் பக்க எண்ணும் போட்டால் வேலை நடக்கும்.

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாதம் சோதனை வைப்பது நல்லது. நிறுவனம் காலையில் அனுப்பும் பட்டியலையும், பிரிவு எழுத்தர் கையால் படித்து எடுத்த நறுக்குகளையும் நாள்தோறும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டது என்று குறிக்க வேண்டும். விடுபட்டவை பெரும்பாலும் கண்மாய், ஊருணி, ரேஷன் கடை பற்றிய ஒற்றைப் பத்திகளாக இருந்தால் அந்தச் சேவை இந்த ஊருக்கு வேண்டாம். அந்த எழுத்தருக்குக் காலை 10 மணி முதல் முக்கால் மணி நேரம் வேறு வேலை கொடுக்காமல் படிக்க விட்டால் போதும்.