எக்ஸ் ஆக்சிஸ் மட்டும் தள்ளிப் போகுதா? நான் தேடிக் கண்டுபிடிச்ச விதம்

வீட்ல ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்ற மாதிரி பலகைய தானா வெட்டுற மெஷின்) நானே அசெம்பிள் பண்ணி வச்சிருக்கேன். அலுமினிய புரொஃபைல் ஃப்ரேம், எக்ஸ், ஒய், இசட்னு மூணு ஆக்சிஸுக்கும் நெமா 17 ஸ்டெப்பர் (ஸ்டெப் ஸ்டெப்பா சுத்துற மோட்டார்), ஒரு சுத்துக்கு 8 மி.மீ. நகர்ற லீட் ஸ்க்ரூ, கன்ட்ரோல் பண்ற ஆர்டுயினோ ஊனோ போர்டு மேல சொருகுற சிஎன்சி ஷீல்டு, அதுல மோட்டாருக்கு கரண்ட் குடுக்கிற ஏ4988 டிரைவர், ஆர்டுயினோ உள்ள ஓடுறது ஜிஆர்பிஎல்ங்கிற சாஃப்ட்வேர். நிறைய பேர் இதே செட்டப் தான் வச்சிருக்கீங்க, அதான் எழுதுறேன். பிரச்சனை என்னன்னா எம்டிஎஃப் பலகைல ஒரு டிசைன் வெட்டும்போது பாதி வரைக்கும் கச்சிதமா போகும், அப்புறம் திடீர்னு எக்ஸ் பக்கம் ரெண்டு மூணு மி.மீ. தள்ளி வெட்ட ஆரம்பிச்சிரும், அதுக்கப்புறம் முழு ஜாப்பும் அப்படியே தள்ளியே முடியும். பலகை வேஸ்ட்.

யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது "டிரைவர்ல கரண்ட்ட ஏத்து" தான். டிரைவர் மேல கரண்ட்ட கூட்டி குறைக்கிற குட்டி ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், அத திருப்புறதுக்கு முன்னாடி டிரைவர் போர்டுல இருக்கிற சென்ஸ் ரெசிஸ்டர (கரண்ட்ட அளக்க உதவுறது) பாருங்க, ஆர்100னு போட்டிருந்தா 0.1 ஓம், ஆர்050னு போட்டிருந்தா 0.05 ஓம். ஏ4988க்கு கணக்கு, வி-ரெஃப் வோல்டேஜ (அந்த ஸ்க்ரூவால வைக்கிற வோல்டேஜ்) 8 மடங்கு ரெசிஸ்டரால வகுத்தா கரண்ட். அதாவது 0.8 வோல்ட் வச்சா ஆர்100 போர்டுல 1 ஆம்பியர் வரும், அதே 0.8 ஆர்050 போர்டுல 2 ஆம்பியர். ரெசிஸ்டர பாக்காம யாரோ சொன்ன வோல்டேஜ அப்படியே வச்சா டிரைவர் கொதிச்சு தன்னைத் தானே ஆஃப் பண்ணிக்கும், ஆறினதும் திரும்ப ஆன் ஆகும், மோட்டார் விட்டு விட்டு ஓடும், ஸ்டெப் மிஸ் ஆகும், அதாவது நகர வேண்டிய அளவு நகராம விட்டுரும். கரண்ட் கம்மியா இருந்தாலும் ஸ்டெப் மிஸ், ஜாஸ்தியா இருந்தாலும் ஸ்டெப் மிஸ், வெளிய இருந்து பாக்க ரெண்டும் ஒரே வியாதி மாதிரி தான் தெரியும். என்னோடது ஆர்100, 0.8ல இருந்துச்சு, ஹீட் சிங்க் ஒட்டி ஃபேனும் ஓடுது. அதனால அத தொடல.

அடுத்து கப்ளிங், அதாவது மோட்டார் ஷாஃப்டையும் லீட் ஸ்க்ரூவையும் இணைக்கிற துண்டு. ஒரு மார்க்கர் பேனா எடுத்து மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், லீட் ஸ்க்ரூ மூணு மேலயும் சேர்ந்தாப்ல ஒரே கோடு போட்டு விட்டேன். ஜாப் தள்ளிப் போன பிறகும் கோடு உடையாம நேரா இருந்தா கப்ளிங்க இறுக்கிப் புடிக்கிற கிரப் ஸ்க்ரூ வழுக்கலன்னு அர்த்தம். நேரா தான் இருந்துச்சு.

சரி, இப்போ எலக்ட்ரிக்கல். எக்ஸும் ஒய்யும் ஒரே மோட்டார், ஒரே ஸ்க்ரூ, ஒரே 400 ஸ்டெப் மி.மீ.க்கு (ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பையும் டிரைவர் 16 மைக்ரோஸ்டெப்பா பிரிக்குது, பெருக்கி 8ஆல வகுத்தா வருது), அதனால தாராளமா மாத்தி மாத்தி சொருகலாம். பவர முழுசா ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டுட்டு தான் மோட்டார் பிளக்க புடுங்கணும், பவர் இருக்கும்போது புடுங்கினா காயில்ல இருந்து வர்ற வோல்டேஜ் ஸ்பைக்ல டிரைவர் போயிரும். ஷீல்டுல எக்ஸ் பிளக்க ஒய் இடத்துலயும் ஒய் பிளக்க எக்ஸ் இடத்துலயும் சொருகிட்டு, ஸ்பிண்டில (கட்டர சுத்த வைக்கிற மோட்டார) ஆஃப் பண்ணி பேனா கட்டி பேப்பர்ல வரைய விட்டேன். படம் கண்ணாடில பாத்தாப்ல திரும்பி வந்துச்சு, அது எதிர்பார்த்தது தான். ஆனா தள்ளிப் போனது அதே எக்ஸ் மோட்டார் பக்கம். இந்த ஒரு டெஸ்ட்லயே டிரைவர், ஷீல்டு, ஆர்டுயினோ, ஜி-கோடு (மெஷினுக்கு குடுக்கிற கட்டளை ஃபைல்) எல்லாத்து மேலயும் இருந்த சந்தேகம் போயிருச்சு. மிச்சம் இருந்தது மோட்டாரும் கேபிளும் தான். மோட்டார் பக்கத்து பிளக்லயே ரெண்டு மோட்டாரையும் மாத்திப் பாத்தேன், ஒய் மோட்டார எக்ஸ் கேபிள்ல போட்டா அதுவும் தள்ளுது.

அப்போ தான் உறைச்சுது, கேன்ட்ரி (கட்டர தாங்கிட்டு முன்னும் பின்னும் போற பாலம் மாதிரி சட்டம்) பின்னாடி கோடிக்கு போகும்போது மட்டும் தான் தள்ளுது. எக்ஸ் மோட்டார் கேன்ட்ரி மேல உக்காந்து கூடவே போகுது, அதோட கேபிள் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல மடங்கி நிமிருது. மல்டிமீட்டர் வச்சு காயில பாத்தா சும்மா இருக்கும்போது சில ஓம் தான், ரெண்டு காயிலும் சமமா, எல்லாம் நல்லாத் தெரியும். கேன்ட்ரிய கையால பின்னாடி தள்ளிக்கிட்டே மீட்டர பாத்தா ஒரு இடத்துல சட்டுனு ஓப்பன்னு, அதாவது இணைப்பே இல்லன்னு காட்டிட்டு திரும்ப வந்துரும். மேல இன்சுலேஷன் முழுசா இருக்கு, உள்ள தாமிர இழை அறுந்து போயிருக்கு. மோட்டார் கூட வந்த கேபிள் ரொம்ப மெல்லிசு, அசையாத மோட்டாருக்கு ஓகே, நாள் பூரா மடங்குற இடத்துக்கு அது ஆகாது.

ஏன் இவ்வளவு தூரம் தள்ளுதுன்னும் கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு முழு ஸ்டெப் 0.04 மி.மீ., ஸ்டெப்பர் நழுவினா பொதுவா 4 முழு ஸ்டெப் கணக்குல தான் நழுவும், அதாவது 0.16 மி.மீ. ரெண்டு மி.மீ. தள்ளியிருக்குன்னா அந்த மடிப்புல ஒரு காயில் ஏகப்பட்ட தடவை கட் ஆகி சேர்ந்திருக்கணும். பவர் ஓடும்போதே ஒயர் கட் ஆகுறது பிளக்க புடுங்குற மாதிரி தான், டிரைவர் சாகாம இருந்ததே பெரிய விஷயம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நிறைய இழை உள்ள சிலிகான் ஒயர் வாங்கி, டிராக் செயின் (கேபிள உள்ள வச்சு அளவா மடங்க விடுற பிளாஸ்டிக் சங்கிலி) போட்டு, வளைவு அகலமா வர்ற மாதிரி விட்டு, ரெண்டு முனைலயும் ஒயர் இழுபடாம கிளிப் அடிச்சாச்சு. புது கேபிள் போட்டதும் மோட்டார் சுத்தாம கிர்ர்ர்னு நடுங்குனா பயப்படாதீங்க, காயில் ஜோடி மாறியிருக்கும். ஒயர் கலர நம்பாதீங்க, ஒவ்வொரு கேபிளுக்கும் ஒவ்வொரு வரிசை. மோட்டார தனியா கழட்டி வச்சு ரெண்டு ஒயர ஒண்ணா தொட வச்சு ஷாஃப்ட கையால சுத்துங்க, சட்டுனு கெட்டியானா அது ரெண்டும் ஒரே காயில். திசை மட்டும் தலைகீழா இருந்தா ஒரு ஜோடிய திருப்பிப் போட்டா போதும்.

தள்ளுறது அதோட நின்னுச்சு. வேகமா காலி ஓட்டம் ஓடும்போது மட்டும் எப்பவாச்சும் மோட்டார் கத்திட்டு நின்னுரும், அது ஒயர் இல்ல, 12 வோல்ட் சப்ளை பத்தல. வேகம் ஏற ஏற காயில்ல கரண்ட் முழுசா ஏற நேரம் கிடைக்காது, அதனால டார்க் (சுத்துற விசை) விழும். ஏ4988 35 வோல்ட் வரைக்கும் தாங்கும், கரண்ட்ட அதுவே கட் பண்ணி கட் பண்ணி கட்டுக்குள்ள வச்சுக்கும், அதனால 24 வோல்ட் சப்ளைக்கு மாறினேன், ஜிஆர்பிஎல்ல $120ங்கிற செட்டிங்ல எக்ஸ் ஆக்சிலரேஷனையும் கொஞ்சம் குறைச்சேன், இப்போ நிக்கிறதில்ல. நீங்களும் 24க்கு மாறினா டிரைவர் ஃபேன் 12 வோல்ட் ஃபேனான்னு முதல்ல பாருங்க, ஆமான்னா அதுக்கு தனியா ஒரு பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜ குறைச்சுக் குடுக்கிற போர்டு) வேணும்.