நூல் கோத்த ஊசிகள்

கோவில்பட்டியில் பத்தொன்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் மார்பளவு எனக்கு மனப்பாடம். என் இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்ததை மட்டும் நான்கு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டேன். வலிக்கவில்லை, அதுதான் காரணம். முதலில் காட்டிய டாக்டரும் தொட்டுப் பார்த்துவிட்டு, “கொழுப்புக் கட்டிதான்” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மதுரையில் மேமோகிராம் என்று மார்பை எக்ஸ்ரே எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அங்கே சொன்னார்கள், புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காதாம்.

2022 மார்ச்சில் ஆபரேஷன். மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் நகையை அடகு வைக்காமல் தப்பித்தோம்.

உள்ளே ஊறும் நீர் வடிய ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் முனையில் கைக்கடக்கமான பிளாஸ்டிக் குடுவை. அதை நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். எழுந்தால் இழுக்கும், புரண்டால் இழுக்கும். ஒரு நாளைக்கு வடிவது 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் எடுப்போம் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தங்கச்சியிடம் கடையில் மிச்சம் கிடந்த லைனிங் துணியைக் கொண்டு வரச் சொல்லி, கட்டிலில் உட்கார்ந்து கையாலேயே ஒரு பை தைத்தேன். கழுத்தில் மாட்ட நாடா, குழாய் வெளியே வர ஓரத்தில் ஒரு காஜா. அடுத்த கட்டில் தென்காசி ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏ பிள்ள, எனக்கும் ஒண்ணு தைச்சுத் தாயேன். பூப்போட்ட துணி இருந்தா நல்லது” என்றார். வீட்டுக்குக் கிளம்பும்போது ஆறு பை தைத்திருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “தைரியமா இரு” என்றுதான் சொன்னார்கள். மாமியாரின் தங்கை, இதே நோயில் போய்ச் சேர்ந்த மூன்று பேர் கதையை முழுசாகச் சொல்லிவிட்டு அதைச் சொன்னார். ஆச்சி ஒருத்தர்தான் என்னிடம் வேலை கேட்டார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

தையல் பிரித்ததும் கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏற வேண்டும். தினமும் எட்டின இடத்தில் மார்க்கிங் சாக்கால் கோடு போட்டேன். முதல் நாள் கோடு தோளுக்குக் கீழே. நெறிக்கட்டி எடுத்த பக்கம் கை வீங்கலாம் என்பதால், அந்தக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடாதே, வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள் என்றார்கள். தையல்காரியிடம் போய் ஊசி குத்தாமல் இரு என்றால்! விரல் தொப்பி மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் இன்ச் டேப்பால் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே, கீழே அளந்து, ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். இன்று வரை அரை இன்ச் வித்தியாசம் வந்ததில்லை.

அப்புறம் கீமோ. முதல் நான்கும் சிவப்பு மருந்து, 21 நாளுக்கு ஒன்று. மருந்து ஏற்றின அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று நர்ஸ் முன்கூட்டியே சொன்னதால் அலறாமல் இருந்தேன். ஒரு தடவை வெள்ளையணு குறைந்துவிட்டது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். முதல் கீமோ முடிந்து பதினேழாவது நாள், மெஷினில் பாபின் சிக்கியது. கழற்றிப் பார்த்தால் நூலோடு என் முடி. அன்றே மொட்டை போட்டுக்கொண்டேன். கடைக்கு வந்த ஒரு அம்மா, “திருச்செந்தூரா, பழநியா?” என்று கேட்டார். “திருச்செந்தூர்” என்று சொல்லிவிட்டேன். முருகன் கோவிக்க மாட்டார்.

அடுத்த மருந்து வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம். வாந்தி குறைவு. ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போயின. மெஷின் ஓட்டலாம், ஊசியில் நூல் கோக்க முடியாது. ஹெம்மிங், கொக்கி எல்லாம் கைவேலை. ஒரு மத்தியானம் ஒரே ஊசியோடு கால் மணி நேரம் மல்லாடிவிட்டு, ஷட்டரை இறக்கி உள்ளே உட்கார்ந்து அழுதேன். கடையை விற்றுவிடலாம் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்போது எட்டாம் வகுப்பு. மறுநாள் யூனிஃபார்ம் பட்டன் வைக்க வந்தவள், நான் தடுமாறுவதைப் பார்த்து ஊசியை வாங்கிக் கோத்தாள். “இன்னும் எத்தனை அத்தை?” என்றாள். அதற்குப் பிறகு தினமும் ஸ்கூலுக்குப் போகிற வழியில் வந்து, பன்னிரண்டு ஊசியில் நூல் கோத்து ஸ்பாஞ்சில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டு ஓடுவாள். கருப்பு நான்கு, வெள்ளை நான்கு, மிச்சம் அன்றைய ப்ளவுஸ் நிறத்தில். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “நேத்து ரெண்டு ஊசி மிச்சம் வச்சிட்டீங்க” என்று அதட்டுவாள்.

அந்தத் தீபாவளிக்கு நாற்பது ப்ளவுஸ்தான் எடுத்தேன். வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வாடிக்கையாளர், கை லூஸாக இருக்கிறது என்று சண்டை பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். உண்மையிலேயே லூஸ்தான். பாவம் பார்த்து வாங்கிப் போயிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

நவம்பரில் ரேடியேஷன், பதினைந்து நாள். நெஞ்சில் போட்ட மைக்கோடு அழியக்கூடாது என்றார்கள். மார்க்கிங்கின் அருமை எனக்குத் தெரியாதா?

இப்போது நோய் திரும்பாமல் இருக்க தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், கடை ஃபேன் என் பக்கமே திரும்பியிருக்கும். ப்ளவுஸின் இடது பக்கம் உள்பை வைத்து, பஞ்சும் கனத்துக்குக் கொஞ்சம் கடுகும் போட்ட திண்டு ஒன்றை நானே தைத்து வைத்துக்கொள்கிறேன். கனம் சரியாக வர மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். கட்டைவிரல் இன்னும் லேசாக மரத்துத்தான் இருக்கிறது.

போன மாதம் கழுகுமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அடுத்த வாரம் ஆபரேஷனாம், யாரோ சொல்லிப் பை கேட்டு வந்திருக்கிறாள். பத்து நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தேன். எவ்வளவு என்றாள். மிச்சத் துணிக்கு என்ன காசு? ஆனால் பொங்கலுக்கென்று ஒரு ப்ளவுஸ் பிட்டும் கொண்டு வந்திருந்தாள். அதற்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன்.