யாரோ அடித்தது போல

டிசம்பர் 27
வலது காலில் மாவுக்கட்டு. கோத்தகிரியில் இன்று வெயிலே இல்லை.

டிசம்பர் 28
நடந்ததை எழுதிவைக்கிறேன். காலை ஆறரை மணி, மைதானத்துப் புல்லெல்லாம் உறைபனி. பையன்களைக் கால் மணி நேரம் ஓடவிட்டேன். நான் ஓடவில்லை. சிலம்பக் கம்பை எடுத்து இரண்டு வீச்சு, பின்காலை ஊன்றி ஒரு பாய்ச்சல். காய்ந்த மூங்கில் பிளப்பது போல ‘பட்’டென்று சத்தம். குதிகாலுக்கு மேலே யாரோ ஓங்கி அடித்தார்கள். விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் பையன்களில் ஒருவன். வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது.

டிசம்பர் 30
நரம்பு அறுந்துவிட்டதாக வீட்டில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள். நரம்பில்லை, கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு இழுத்துக் கட்டும் நாண். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டையைப் பிசைந்தார் மருத்துவர். இடது பாதம் துள்ளியது, வலது பாதம் சும்மா கிடந்தது. குதிகாலுக்கு இரண்டு மூன்று விரல் மேலே ரத்த ஓட்டம் குறைவாம், அங்கேதான் அறுமாம். முப்பதுக்கு மேல் இது சகஜம் என்றார். “யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டுதான் பலரும் வருவார்கள்.”
எனக்கு 49.

ஜனவரி 1
மற்ற நான்கு பையன்களும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவன் வரவில்லை.

ஜனவரி 5
பாத நுனி கீழே பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள், அறுந்த முனைகள் நெருங்கிச் சேருவதற்காக. இருபத்தைந்து வயதில் விரல் முட்டி பிளந்தது, பத்தே நாளில் மறுபடி கம்பு பிடித்தேன். வாத்தியார் எழுபதிலும் சுற்றினார். ஆனால் அவர் பாய்ந்து நான் பார்த்ததில்லை. நின்ற இடத்திலேயே காலடி மாற்றுவார். சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 8
கட்டுக்குள் அரிப்பு. பின்னல் ஊசியை மனைவி ஒளித்துவைத்துவிட்டாள்.

ஜனவரி 11
கெண்டை வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும் என்று. இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சை எண்ணினேன்.
நான் விழுந்தபோது அவன் கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் குளிருக்கு அக்குளில். அன்றே பார்த்தேன். பார்த்த பிறகும் திட்டினேன்.

ஜனவரி 14
அவன் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அம்மா எடுத்தார். “கால் எப்படி இருக்கிறது மாஸ்டர்?” ஆரஞ்சு நன்றாக இருந்தது என்று சொல்லித் தொலைத்தேன். நாளைப் பொங்கல் ஆட்டத்தில் முதலில் இறங்குவது அவன்தானாம், விடிந்தும் விடியாமலும். இறங்குமுன் யார் அவர்களை ஓடவிடுகிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.