காப்ளி பதக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படித்த அனுபவம்

பழைய அறிவியல் பரிசு ஒன்றின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்காருபவர்களுக்கு உதவட்டும் என்று இதைப் பகிர்கிறேன். நான் எடுத்துக்கொண்டது லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியலாளர் சங்கம் கொடுக்கும் காப்ளி பதக்கம். 1731இல் தொடங்கியது, நோபல் பரிசைவிட 170 வருடம் மூத்தது, இன்றைக்கும் கொடுக்கிறார்கள். ஒரு சிறுபத்திரிகைக்காகக் கொஞ்சம் நீளமான கட்டுரை எழுத ஒப்புக்கொண்டேன், லண்டன் பக்கம் போகும் யோசனையே இல்லை, வீட்டில் இருந்தபடியே இணையத்தில் கிடைப்பதை வைத்துத்தான் முழுவதையும் செய்தேன். செய்ய முடிகிறது என்பதுதான் முதல் செய்தி.

எல்லோரும் பட்டியலில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான். ஃபிராங்க்ளின், கேவெண்டிஷ், வோல்டா, ஃபாரடே, காஸ், டார்வின், பாஸ்டர், மெண்டலீவ், ஐன்ஸ்டீன், போர் என்று போகும். படிக்கப் பிரமிப்பாக இருக்கும், ஆனால் அதில் இருந்து ஒரு பத்தி எழுத முடியாது. எனக்குக் கைகொடுத்தது பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு வரி. எதற்காகக் கொடுத்தோம் என்று சொசைட்டி எழுதி வைத்திருக்கும் அந்த வரியை மட்டும் எடுத்து எக்செல்லில் ஆண்டு வாரியாகப் போட்டுப் பார்த்தேன். முதல் இருபது வருடங்களைப் பார்த்தாலே இது வேறு மாதிரியான பரிசு என்று தெரிந்துவிடும். 1737இல் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், மஞ்சிட்டி இனத்துச் சாயவேரைத் தின்ற விலங்குகளின் எலும்பு சிவப்பாவதைக் காட்டினார், பதக்கம். 1738இல் ஜேம்ஸ் வலூ என்ற கடிகாரக்காரர், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்காகத் தூண் அடிக்கும் எந்திரம் ஒன்றை அமைத்தார், பதக்கம். அப்புறம் ஹட்சன் விரிகுடா வரை போய் வந்த ஒரு கப்பல் தலைவர், பறவைகளை வரைந்து விவரித்த ஒருவர், 1749இல் கடலில் நேரம் தப்பாத கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன். வாழ்நாள் சாதனை என்ற பேச்சே இல்லை. இந்த வருடம் உருப்படியாக என்ன செய்து காட்டினாய் என்பதுதான் கேள்வி.

ஏன் அப்படி என்றால் பணம் வந்த வழி அப்படி. யார்க்ஷயரில் ஸ்ப்ராட்ப்ரோ என்ற ஊரின் பிரபு சர் காட்ஃப்ரே காப்ளி, சொசைட்டியின் உறுப்பினர், 1709இல் இறந்தபோது 100 பவுண்டை சொசைட்டிக்கு எழுதி வைத்தார். பதக்கம் கொடுங்கள் என்று உயிலில் இல்லை. சோதனைகளுக்கோ, சொசைட்டிக்குப் பயன்படும் வேறு எதற்கோ செலவழியுங்கள் என்பதுதான் உயிலின் சாரம். அது வருடாவருடம் ஒருவருக்குக் கொடுக்கும் பரிசாக மாற இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

முதல் ஆள் ஸ்டீஃபன் கிரே. இவரிடம் நான் வேண்டும் என்றே அதிக நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழியுங்கள். கேன்டர்பரியில் சாயத் தொழில் செய்தவர், வயதான காலத்தில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் என்ற ஆதரவு இல்லத்தில் தங்கியிருந்தார். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் அது இறகை இழுக்கும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். குழாயின் வாயை அடைத்திருந்த தக்கையும் இறகை இழுப்பதை கிரே கவனித்தார். அங்கிருந்து குச்சி, கம்பி, நூல் என்று நீட்டிக்கொண்டே போனார். 1729இல் கென்ட் பகுதியில் ஆட்டர்டன் என்ற இடத்தில் கிரான்வில் வீலர் என்ற நண்பரின் வீட்டில் சணல் நூலை நீளமாகக் கட்டி, கீழே விழாமல் இருக்கப் பட்டுநூலால் தாங்கிவைத்தார்கள். பட்டு அறுந்தது. சரி, உறுதியாக இருக்கட்டும் என்று மெல்லிய பித்தளைக் கம்பியைப் போட்டார்கள், மின்சாரம் மறுமுனைக்கு வரவே இல்லை. எல்லாம் கம்பி வழியாகப் போய்விட்டது. பட்டு மின்சாரத்தைத் தடுப்பது மெலிந்திருப்பதால் இல்லை, அது பட்டாக இருப்பதால்தான் என்று அங்கேதான் புரிகிறது. நாம் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் கடத்தி, கடத்தாப் பொருள் என்ற பாகுபாடு ஒரு நூல் அறுந்ததில் இருந்து வந்தது.

இதையெல்லாம் கிரே தன் கைப்பட எழுதியிருக்கிறார். சொசைட்டியின் செயலராக இருந்த க்ரோம்வெல் மார்ட்டிமருக்கு எழுதிய அந்த நீண்ட கடிதம் ஃபிலசாஃபிக்கல் ட்ரான்சாக்‌ஷன்ஸ் இதழில் அச்சாகியிருக்கிறது. 1665இல் தொடங்கிய இந்த இதழின் பழைய தொகுதிகளைப் படிக்கக் காசு எதுவும் வேண்டாம், 70 வருடத்துக்கு முந்தைய கட்டுரைகளை எல்லாம் 2011இல் சொசைட்டியே இலவசமாகத் திறந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கூகுளில் தேடினால் அதே கட்டுரைக்கு டாலரில் விலை வைத்திருக்கும் தளங்களும் வருகின்றன, முன்னூறு வருடத்துப் பழைய கடிதத்துக்கு என்ன விலையோ.

திறந்து படிக்கும்போது இரண்டு இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். ஒன்று தேதி. கிரேயின் கடிதத்தில் பிப்ரவரி 8, 1730-1 என்று இருக்கும். அச்சுப்பிழை இல்லை. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதி, ஆகவே ஜனவரியில் இருந்து அந்தத் தேதி வரைக்கும் இரண்டு ஆண்டையும் போட்டு எழுதுவார்கள். நம் கணக்கில் அது 1731. இது தெரியாமல் எடுத்து எழுதினால் பரிசுக்கும் கடிதத்துக்கும் நடுவில் இல்லாத ஒரு வருடம் முளைத்துவிடும். இன்னொன்று அந்தக் கால அச்சில் வரும் நீண்ட எஸ். பார்க்க எஃப் போலவே இருக்கும், ஸ்கேன் செய்த கணினியும் அப்படியே படித்து வைத்திருக்கும். ஆகவே சில்க் என்று தேடினால் ஒன்றும் வராது, ஃபில்க் என்று தேடினால் கொட்டும். சிரிப்பாக இருந்தாலும் வேலை நடக்கிறது.

கிரேக்கு 1731இலும் 1732இலும் அடுத்தடுத்துக் கொடுத்தார்கள். 1731 வரியில் ஊக்கம் தருவதற்காக என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது, கண்டுபிடித்ததை எல்லாம் தயங்காமல் சொசைட்டிக்குக் காட்டிவந்தார், அதற்காக. அப்போது பதக்கம் கிடையாது, பணம்தான். என்னைக் கேட்டால் இந்தப் பரிசின் வரலாற்றிலேயே பணம் சரியான கைக்குப் போன வருடங்கள் அந்த இரண்டும்தான். கிரே 1736 பிப்ரவரியில் இறந்தார். அதே வருடம் நவம்பரில் மார்ட்டின் ஃபோக்ஸ் என்ற உறுப்பினர், பணத்துக்குப் பதில் ஒரு பதக்கம் கொடுத்தால் கௌரவமாக இருக்கும் என்று யோசனை சொல்ல, சொசைட்டியும் ஏற்றுக்கொண்டது. 5 பவுண்டு பெறுமான தங்கப் பதக்கம். பணக்காரர்களுக்கு அது பொருத்தம்தான். சார்ட்டர்ஹவுஸில் சாப்பிடுகிறவருக்கு அடுத்த சோதனைக்குக் கண்ணாடிக்குழாய் வாங்கக் காசுதானே வேண்டும்.

பட்டியலோடு சேர்ந்து வரும் 'முதல்' கதைகளையும் ஒரு தரம் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். 1753இல் பரிசு வாங்கிய ஃபிராங்க்ளின்தான் பிரிட்டனுக்கு வெளியே இருந்து வாங்கிய முதல் ஆள் என்று பல இடங்களில் இருக்கிறது. 1743 வரியைப் பாருங்கள், ஆபிரகாம் ட்ரெம்ப்ளி. ஜெனீவாக்காரர், நெதர்லாந்தில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே குளத்து நீரில் கிடந்த ஹைட்ரா என்ற சிற்றுயிரை வெட்டி, ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்வதைக் காட்டினார். அமெரிக்கக் காலனியில் இருந்து முதல் ஆள் என்றால் ஃபிராங்க்ளினுக்குச் சரி.

கட்டுரையின் நடுப்பகுதிக்கு நான் தேர்ந்தெடுத்தது 1776, கேப்டன் ஜேம்ஸ் குக். கடல் வழி கண்டவருக்கு எதற்கு அறிவியல் பரிசு என்று தோன்றும். அவருடைய கட்டுரை ரெசல்யூஷன் கப்பலில் இருந்தவர்களின் உடல்நலத்தைக் காப்பாற்றிய முறை பற்றியது, சில பக்கங்கள்தான், கண்டிப்பாகப் படியுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் நீண்ட பயணம், 118 பேர், நோயால் செத்தது ஒரே ஒருவர். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் பாதிக் கப்பல் காலியாவது சாதாரணமாக இருந்த காலம் அது. முளைகட்டிய பார்லி மாவில் காய்ச்சிய சாறு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், உலர்த்திய சூப்புக் கட்டி, துணியும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும் என்ற கண்டிப்பு, எந்தக் கரையில் நின்றாலும் கீரையும் நல்ல தண்ணீரும் ஏற்றுவது என்று வரிசையாகச் சொல்கிறார்.

இதில் வேடிக்கை, அவர் அதிகம் புகழ்ந்தது பார்லிச் சாற்றை. அதில் வைட்டமின் சி அநேகமாக இல்லவே இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சுச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பாகைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பரிசைக் கொடுத்த தலைவர் சர் ஜான் பிரிங்கிள் ஒரு மருத்துவர், உடலுக்குள் அழுகல் ஏற்படுவதுதான் இப்படிப்பட்ட நோய்களுக்குக் காரணம் என்று நம்பியவர், 1752இல் இதே பதக்கத்தை அழுகலைப் பற்றிய சோதனைகளுக்காக வாங்கியவரும் அவர்தான்! அவர் கொள்கைக்குப் பார்லிச் சாறு நன்றாகப் பொருந்தியது. ஜேம்ஸ் லிண்ட் 1747இலேயே 12 மாலுமிகளை வைத்து ஆரஞ்சும் எலுமிச்சையும் வேலை செய்வதைப் பார்த்திருந்தார், கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795இல். ஆக, பலன் உண்மை, அதற்குச் சொன்ன காரணத்தில் பாதி தவறு, பதக்கம் இரண்டுக்கும் சேர்த்து. குக் அதைக் கையில் வாங்கவில்லை, ஜூலையிலேயே மூன்றாம் பயணம் கிளம்பிவிட்டார், 1779இல் ஹவாயில் கொல்லப்பட்டார். பதக்கம் மனைவி எலிசபெத்திடம் போனது.

1831 ஒரு திருப்பம், ஆனால் சுருக்கமாகவே முடித்துவிட்டேன். அதுவரை சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரைக்குத்தான் பரிசு, அதன்பிறகு எந்த நாட்டில் யார் செய்த ஆய்வாக இருந்தாலும் சரி என்று திறந்தார்கள். காஸ், பாஸ்டர் எல்லாம் உள்ளே வருவது இந்தக் கதவு வழியாகத்தான்.

டார்வினுக்கு மட்டும் இதழை நம்பாதீர்கள், கடிதங்களுக்குப் போங்கள். அவருடைய கடிதங்கள் குறிப்புகளோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1863இல் அவருக்குக் கிடைக்கும் என்று நண்பர்கள் பார்த்தார்கள், போனது ஆடம் செட்ஜ்விக்குக்கு, டார்வினுக்கு நிலவியல் கற்றுக்கொடுத்தவர், பரிணாமக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். அடுத்த வருடம் கொடுத்தார்கள், ஆனால் விழாவில் தலைவர் எட்வர்ட் சபைன், உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகத்தைக் கணக்கில் எடுக்காமல்தான் கொடுக்கிறோம் என்ற பொருளில் பேசிவிட்டார். டார்வினின் ஆதரவாளர் ஹக்ஸ்லி எழுந்து, குழுவின் முடிவில் அப்படி இருக்கிறதா, குறிப்பை வாசியுங்கள் என்று கேட்டார். உரை அச்சில் வந்தபோது வார்த்தை கொஞ்சம் மாறியிருந்தது. அச்சான உரையை மட்டும் படிப்பவருக்கு இந்தச் சண்டை தெரியாது. டார்வின் விழாவுக்கே போகவில்லை, நண்பர் ஜார்ஜ் பஸ்க் அவர் சார்பில் வாங்கிக்கொண்டார். உறவினர் ஃபாக்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய கௌரவம்தான், ஆனால் நண்பர்கள் எழுதிய அன்பான கடிதங்களைத் தவிர இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை என்கிறார்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் வரிகள் சப்பென்று ஆகிவிடுகின்றன, இன்ன துறைக்கு ஆற்றிய சிறந்த பங்களிப்பு என்ற மாதிரி. ஆகவே நான் வரிகளை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்தேன். மரபுப் பொருள் டிஎன்ஏ என்று காட்டிய ஆஸ்வல்ட் ஏவரிக்கு நோபல் கிடைக்கவே இல்லை, காப்ளி 1945இல் கிடைத்தது. அவர் பயணம் செய்ய மறுத்ததால் சர் ஹென்றி டேல் நியூயார்க் போய்க் கொடுத்தார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்கு 1947இல் அறிவித்தார்கள், பதக்கம் வழங்கவிருந்த அன்றே, டிசம்பர் 1ஆம் தேதி, அவர் இறந்துபோனார். முதல் பெண் டோரதி ஹாட்ஜ்கின், 1976. நோபல் வாங்கி 12 வருடம் கழித்து, பரிசு தொடங்கி 245 வருடம் கழித்து. இரண்டாவது பெண் ஜோஸ்லின் பெல் பர்னல், 2021. இதற்கு நான் விளக்கம் எதுவும் எழுதவில்லை, பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1945இல்தான் என்ற ஒரு வரியை மட்டும் பக்கத்தில் வைத்தேன்.

தமிழில் எழுதினால் அடுத்த கேள்வி நம்மவர் யாராவது உண்டா என்பதுதான். உண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1984, நோபல் வாங்கிய அடுத்த வருடம். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு என்ற அவருடைய கணக்கை 1935இல் பொதுச்சபையிலேயே கிண்டலடித்த வானியலாளர் எடிங்டனின் பெயர் காப்ளி பட்டியலில் இல்லை என்பதைக் கட்டுரையில் சேர்க்கலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்துச் சேர்த்தேன். சர் சி.வி. ராமனுக்கும் காப்ளி கிடைத்தது என்று யாராவது சொன்னால் திருத்திவிடுங்கள், 1930இல் அவருக்கு ராயல் சொசைட்டி கொடுத்தது ஹியூஸ் பதக்கம். அது தனிப் பரிசு, அதன் பட்டியலும் தனி.