விஎம் போய்ச் சேர்ந்துவிட்டது, பிங் மட்டும் வரவில்லை

விஎம் என்பது மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி, அதைத் தாங்கும் உண்மைக் கணினி ஹோஸ்ட். ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொரு ஹோஸ்டுக்கு மாற்றிய விஎம் வலையமைப்பில் காணாமற்போனால், நான் முதலில் கேட்பது அது எவ்வளவு நேரம் காணாமற்போனது, தானாகத் திரும்பி வந்ததா என்பதைத்தான். அரை நிமிடத்தில் திரும்பியதற்கும், ஐந்து நிமிடத்தில் திரும்பியதற்கும், மணித்தியாலக் கணக்கில் இழுத்ததற்கும், திரும்பாமலே போனதற்கும் காரணங்கள் வெவ்வேறு. பிழைச்செய்தியை நம்பியிருப்பதில் பயனில்லை, பெரும்பாலும் அப்படி ஒன்று வருவதே இல்லை. மைக்ரேஷன் (இந்த இடமாற்றம்) வெற்றி என்று திரை சொன்னால், நினைவகமும் இயக்க நிலையும் சேதமின்றிப் போய்ச் சேர்ந்தன என்று பொருள். அந்த விஎம்மை இனி எந்தக் கேபிளின் வழியாகத் தேட வேண்டும் என்பது ஹோஸ்டுகளை இணைக்கும் சுவிட்சுக்குத் தெரியுமா என்பதை அச்செய்தி சொல்வதில்லை.

கொழும்பில் இந்த வேலை செய்பவர்களுக்கு இக்கேள்வி அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி தேவைப்பட்டிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோது, யூபிஎஸ் தாங்கும் நேரத்தை நீட்டுவதற்காக விஎம்களை ஒன்றிரண்டு ஹோஸ்டுகளில் ஒடுக்கிவிட்டு மற்றவற்றை அணைக்க வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் ப்ரோட்கொம் நிறுவனம், விஎம்களை இயக்கும் மென்பொருளைத் தரும் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்தியதோடு, அதே வேலையைச் செய்யும் திறந்தமூல மென்பொருளான ப்ரொக்ஸ்மொக்ஸுக்கு மாறும் பேச்சும் தொடங்கிவிட்டது. இத்தகைய மாற்றங்களைப் போயா (பௌர்ணமி) விடுமுறையில் வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த அமைதியான நாளில்தான் ஒரு குறிப்பிட்ட வகைக் கோளாறு நன்றாக வெளிப்படும்.

"அண்ணா, மைக்ரேஷன் சக்சஸ் எண்டு காட்டுது, ஆனா பிங் போகுதில்லை" என்று (பிங் என்பது பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைப் பொதி) தம்பிமார் தொலைபேசியில் சொல்லும்போது, அடுத்த வசனம் பெரும்பாலும் "ஐபி செற்றிங்கை மாத்திப் பாக்கட்டா?" என்பதாக இருக்கும். மாற்றவே கூடாது. லைவ் மைக்ரேஷனில், அதாவது விஎம்மை அணைக்காமல் நகர்த்துவதில், அதன் ஐபி முகவரியும் வலையமைப்பு அட்டைக்குரிய மேக் முகவரியும் மாறுவதில்லை. ஆகவே கேட்வேயில் (வெளியே செல்லும் வாயிலான ரவுட்டரில்) எந்த ஐபிக்கு எந்த மேக் என்று சொல்லும் ஏஆர்பி அட்டவணையும் சரியாகவே இருக்கும். மாறியது ஒன்றுதான்: அந்த மேக் முகவரி முன்பு சுவிட்சின் ஒரு போர்ட்டுக்குப் பின்னால் இருந்தது, இப்போது வேறொரு போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய ஹோஸ்டின் போர்ட் அணைந்திருந்தால் சுவிட்ச், எந்த மேக் எந்தப் போர்ட்டில் என்று குறித்துவைக்கும் மேக் அட்டவணையிலிருந்து அதற்குரிய பதிவுகளை உடனே அழித்திருக்கும். ஆனால் அங்கே வேறு விஎம்கள் ஓடிக்கொண்டிருப்பதால் போர்ட் உயிரோடு இருக்கிறது, பதிவும் அப்படியே இருக்கிறது, சுவிட்சும் சலிக்காமல் பழைய இடத்துக்கே பொதிகளை அனுப்புகிறது. பெரும்பாலான சுவிட்சுகளில் அப்பதிவின் இயல்பான ஆயுள் 300 செக்கன். ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியானது என்று யாராவது சொன்னால், நான் மேக் அட்டவணையைத் தவிர வேறெதையும் சந்தேகிப்பதில்லை.

இதை உறுதிசெய்ய விஎம்மின் கொன்சோலைத் திறந்து, உள்ளிருந்து கேட்வேக்கு ஒரு பிங் அனுப்பினால் போதும். வெளியேறும் முதற் பொதியிலேயே சுவிட்ச் புதிய போர்ட்டைக் கற்றுக்கொள்ளும், வெளியிலிருந்து வரும் பிங்கும் அந்தக் கணமே உயிர்பெறும். ஓயாமல் பேசும் தரவுத்தள வழங்கிகள் இக்கோளாறைக் காட்டாததும், யாராவது கேட்டால் மட்டுமே பதில் சொல்லும் உரிம வழங்கி போன்றவை போயா நாளில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

இந்த மௌனத்தைத் தவிர்க்கத்தான் புதிய ஹோஸ்ட், விஎம்மின் சார்பில் ஓர் அறிவிப்பை ஒலிபரப்புகிறது. விஎம்வேரும், ப்ரொக்ஸ்மொக்ஸின் அடியில் இயங்கும் கியூஎம்யூவும் அதற்கு ஆர்ஏஆர்பி என்ற வகைப் பொதியைப் பயன்படுத்துகின்றன. கியூஎம்யூ இயல்பாக ஐந்து முறை, முதலாவது இடைவெளி 50 மில்லிசெக்கனாகத் தொடங்கிச் சற்றுச் சற்றாகக் கூட்டி அனுப்பும். புதிய ஹோஸ்டின் வெளிப்போர்ட்டில் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, ஈதர்டைப் என்ற வகைக்குறி 0x8035 கொண்ட பொதிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் அவை கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் பெரும்பாலும் அறிவிப்பை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். மைக்ரோசொப்ட்டின் சுமைப்பகிர்வு முறையை யுனிகாஸ்ட்டில் இயக்க, விஎம்வேரில் சுவிட்சுக்கு அறிவிக்கும் தெரிவை அணைக்க வேண்டும் என்பது விதி. அதை உரிய போர்ட் குழுவில் மட்டும் அணைக்காமல் முழு வீசுவிட்சிலும் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மெய்நிகர் சுவிட்சிலும்) அணைத்துவிட்டுப் போன முன்னோர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இன்னொரு நுணுக்கம்: ஹோஸ்ட் அனுப்பும் அறிவிப்பு விஎம்முக்குள்ளே பிரித்துவைத்த விலான்களின் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி வலையமைப்புகளின்) குறியைச் சுமப்பதில்லை. ஆகவே பல விலான்களைத் தாங்கும் மெய்நிகர் ஃபயர்வோலை நகர்த்தினால், ஒரு விலான் உடனே வேலைசெய்ய மற்றவை தூங்கிக்கிடக்கும்.

அரை நிமிட மௌனத்தின் கதை வேறு. லினக்ஸ் பிரிட்ஜில் (லினக்ஸ் ஹோஸ்டின் மெய்நிகர் சுவிட்சில்) வலையமைப்புச் சுழலைத் தடுக்கும் எஸ்டிபி இயங்கினால், புதிதாக இணையும் இடைமுகம் கேட்பதற்கு 15, கற்பதற்கு 15 என 30 செக்கன் எதையும் கடத்தாது, அறிவிப்புப் பொதிகளும் அதற்குள் வீணாகிவிடும். விசித்திரம் என்னவென்றால் இதில் சிறிய விஎம்கள்தான் அதிகம் அடிபடும். பெரிய விஎம்மின் நினைவகம் பிரதியாகும் நேரத்துக்குள் பிரிட்ஜ் விழித்துக்கொள்வதுண்டு. ப்ரொக்ஸ்மொக்ஸ் தன் இயல்பான அமைப்புக் கோப்பில் எஸ்டிபியை அணைத்து, தாமதத்தைச் சுழியம் என்றே எழுதுகிறது. கையால் அமைத்த கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) ஹோஸ்டுகளில்தான் இதைத் தேட வேண்டும்.

திரும்பவே வராத விஎம்முக்கு, புதிய ஹோஸ்ட் இணைந்துள்ள, பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் அந்த விலான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு அங்கேதான் முடியும் என்பது என் கணிப்பு. ஹோஸ்டின் போர்ட்டில் யாராவது போர்ட் செக்கியூரிட்டி (எந்த மேக் முகவரிகள் வரலாம் என்ற கட்டுப்பாடு) வைத்திருந்தால், இடம்மாறிய மேக் முகவரியை அத்துமீறலாகக் கருதிச் சிஸ்கோ சுவிட்ச் அந்தப் போர்ட்டையே மூடிவிடும். அப்போது ஒரு விஎம்மோடு சேர்ந்து அந்த ஹோஸ்டின் மற்ற எல்லாமும் விழும்.

மைக்ரேஷனே பாதியில் உறைந்து நிற்குமானால், மைக்ரேஷன் வலையமைப்பின் எம்டியூ (ஒரு பொதியின் உச்ச அளவு) 9000 என்று இரு ஹோஸ்டுகளிலும் இருந்தும் இடையிலுள்ள சுவிட்சில் 1500 ஆக இருக்கலாம். இணைப்பு ஏற்படும், பெரிய பொதிகள் மட்டும் சத்தமில்லாமல் மறையும். துண்டாக்கத் தடைவிதித்து 8972 பைட் அளவில் பிங் அனுப்பினால் தெரிந்துவிடும். மீதி 28 பைட் தலைப்புகளுக்குரியது. கேவிஎம் ஹோஸ்டில் தொடங்கவே மறுத்தால், உபுண்டு தன் ஹோஸ்ட் பெயரை 127.0.1.1 (தன்னையே குறிக்கும் முகவரி) என்று எழுதிவைத்திருக்கிறதா, ஃபயர்வோலில் 49152 முதல் 49215 வரையான டிசிபி போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

விஎம்வேரிலிருந்து ப்ரொக்ஸ்மொக்ஸுக்கு மாறும்போதுதான் மணித்தியாலக் கணக்கு வருகிறது. அங்கே 00:50:56 என்று தொடங்கிய பழைய மேக் முகவரியை அப்படியே கொண்டுவராவிட்டால் விஎம் புதியதொன்றைப் பெறும். இப்போது பழசாகிக் கிடப்பது கேட்வேயின் ஏஆர்பி பதிவு, சிஸ்கோவில் அதன் இயல்பான ஆயுள் நான்கு மணித்தியாலம். அதை அழித்தபின்னும் விஎம் பேசாவிட்டால், லினக்ஸில் இடைமுகத்தின் பெயர் இஎன்எஸ்192 இலிருந்து இஎன்எஸ்18 ஆக மாறியிருக்கும், வலையமைப்பு அமைப்புகளை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பு இன்னும் பழைய பெயரையே அழைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸில், அதே ஐபி வேறோர் அடாப்டருக்கு ஏற்கெனவே உரியது என்ற எச்சரிக்கை வரும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச்செய்து, மங்கலாகத் தெரியும் விஎம்வேரின் பழைய விஎம்எக்ஸ்நெட்3 அடாப்டரை நீக்கிய பிறகு நிலையான ஐபியைத் திரும்ப எழுதலாம். அந்த விவரங்களைப் பழைய ஹோஸ்டில் இருக்கும்போதே குறித்துவைத்திருந்தால் வேலை சுருக்கம்.